நாஞ்சில் என்றால் கலப்பைதான், ஆனால் நாஞ்சில்நாடு?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைக்காரர் ஒருவர், வேலை காரணமாக வெளியூரில் இருப்பவர், கேட்டிருக்கிறார்: "நாஞ்சில் என்றால் கலப்பை. ஏர் நிறைந்த நாடு என்பதால் நாஞ்சில்நாடு என்று பெயர் வந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். இது சரியா? நாஞ்சில் தமிழ்ச் சொல்லா, 'லாங்கலம்' என்ற வடசொல்லின் திரிபா? கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில்நாடு என்று எழுதலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் என்றால் கலப்பை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நாட்டுக்குப் பெயர் கொடுத்தது வயலில் ஓடிய கலப்பை இல்லை, ஒரு மலை. அதற்குச் சான்று புறநானூற்றிலேயே இருக்கிறது. வடசொல் பற்றிய கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. மாவட்டம் முழுவதும் நாஞ்சில்நாடா என்றால், இல்லை.

இனி விரிவாகப் பார்ப்போம்.

நாஞ்சில் எப்படிப்பட்ட கருவி என்று தெரிந்துகொள்ள அகராதியைப் புரட்டுவதைவிட பெரும்பாணாற்றுப்படையில் இரண்டு வரிகளைப் படிப்பது நல்லது.

பிடிவாய் அன்ன மடிவாய் நாஞ்சில்
உடுப்புமுக முழுக்கொழு மூழ்க ஊன்றி

பிடி என்றால் பெண் யானை. அதற்குக் கொம்பு வெளியே நீட்டிக்கொண்டு இருக்காது, அதனால் துதிக்கைக்குக் கீழே வாய் உள்வாங்கி மடிந்திருப்பது பளிச்சென்று தெரியும். மரக்கலப்பையின் அடிமரம் அப்படியே வளைந்து மடிந்திருக்கும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தொழுவத்துக் கூரைக்கடியில் செருகிக் கிடக்கும் கலப்பையை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், புலவர் எதைச் சொல்கிறார் என்று விளங்கிவிடும். அடுத்தது கொழு, அதாவது நுனியில் மாட்டும் இரும்பு. அதை உடும்பின் முகம் என்கிறார். தட்டையாக ஆரம்பித்து, போகப்போகக் குறுகி, மண்ணை முகர்ந்துகொண்டே போகிற முகம். 'மூழ்க ஊன்றி' என்பதையும் கவனியுங்கள். மேழியை, அதாவது கைப்பிடியை, அழுத்திப் பிடித்தால்தான் கொழு முழுக்க மண்ணுக்குள் மூழ்கும். கை தளர்ந்தால் மேலோடு கீறிக்கொண்டு போகும். உழுதவனுக்கோ, உழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கோதான் இந்த வார்த்தை வரும்.

ஆக, மரத்தாலான வளைந்த உடல் நாஞ்சில், அதன் நுனியில் இரும்புக் கொழு, பிடிக்கிற இடம் மேழி. பதிற்றுப்பத்திலும் 'நாஞ்சில் ஆடிய கொழுவழி மருங்கின்' என்று வருகிறது (58ஆம் பாட்டு). நாஞ்சில் ஓடுகிறது, கொழு போன வழியில் மணிகள் கிடைக்கின்றன என்று சேரநாட்டு வளத்தைச் சொல்லும் இடம் அது. அங்கேயும் நாஞ்சில் வேறு, கொழு வேறு. பிற்காலத்தில் எல்லாம் கலந்து, மேழி என்றாலும் கலப்பை, நாஞ்சில் என்றாலும் கலப்பை, ஏர் என்றாலும் கலப்பை என்று ஆகிவிட்டது. மதிலின் ஓர் உறுப்புக்கும் நாஞ்சில் என்று பெயர் உண்டு. அது நம் கேள்விக்கு வேண்டாம், விட்டுவிடுவோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று எல்லோரும் சொல்கிற 'கலப்பை' சங்கப் பாட்டில் வந்தால் உழுகிற கருவியைக் குறிக்காது. 'காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை' என்று ஔவையார் பாடுகிறார் (புறம் 206). வாயில்காவலனிடம் கோபித்துக்கொண்டு, இங்கே சோறு இல்லாவிட்டால் என்ன, எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே என்று கிளம்புகிற பாட்டு. அங்கே கலப்பை என்பது இசைக்கருவிகளைப் போட்டு வைக்கும் பை. யாழையும் பறையையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம் என்கிறார். அவர் தோளில் ஏர் தூக்கிக்கொண்டு போவதாக யாரும் படித்துவிடக்கூடாது.

அன்றைக்கு உழுகருவிக்குப் பாட்டிலே வழங்கிய சொற்கள் நாஞ்சிலும் ஏரும். இவற்றில் ஏர் பேச்சில் நிலைத்துவிட்டது, நாஞ்சில் ஏட்டில் தங்கிவிட்டது. திருக்குறளில் உழவு அதிகாரம் முழுக்கத் தேடினாலும் நாஞ்சில் கிடைக்காது. 'சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்', 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்று ஏர்தான் வருகிறது. நம் வயல்களிலும் இதே கதைதான். கன்னிப்பூ நெல் சாகுபடிக்குக் காய்ந்த மண்ணில் பொடி உழவு அடித்தாலும், கும்பப்பூ சாகுபடிக்குச் சேற்றில் தொளி கலக்கினாலும், 'ஏர் பூட்டியாச்சா' என்று கேட்டிருப்பார்களே தவிர 'நாஞ்சில் பூட்டியாச்சா' என்று கேட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். இப்போது அந்தக் கேள்விக்கும் இடமில்லை, கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. கலப்பையைப் பேச்சில் நாஞ்சில் என்று சொல்லாத ஊருக்கு நாஞ்சில்நாடு என்று பெயர் இருப்பதே, பெயர் வயலிலிருந்து நேராக வரவில்லை என்று நினைக்க வைக்கிறது. இது சான்று ஆகாது, ஒரு சந்தேகம் மட்டும். சான்று அடுத்து வருகிறது.

நாஞ்சில் வள்ளுவன் என்றொரு குறுநிலத் தலைவன். புறநானூற்றில் அவனைப் பற்றி 5 பாட்டுகள்: 137, 138, 139, 140, 380. ஒருசிறைப் பெரியனார், மருதன் இளநாகனார், ஔவையார், கருவூர்க் கதப்பிள்ளை ஆகிய 4 பேர் பாடியவை. இவற்றில் 139ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் மருதன் இளநாகனார். மூட்டைகளைச் சுமந்து தோள் அழுந்திய இளைஞர்கள் வருகிறார்கள். கூடவே,

அடி வருந்த நெடிது ஏறிய
கொடி மருங்குல் விறலியருமே

கால் நோக நெடுந்தூரம் ஏறி வருகிறார்கள் விறலியர், அதாவது ஆடிப் பாடும் பெண்கள். வயல் வரப்பில் நடந்து வந்தவர்களை யாரும் 'நெடிது ஏறிய' என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று வரி தள்ளி, தலைவனை இப்படிக் கூப்பிடுகிறார்:

உயர் சிமைய உழாஅ நாஞ்சில் பொருந

சிமையம் என்றால் சிகரம். உயர்ந்த சிகரங்களை உடைய, உழாத நாஞ்சிலுக்குத் தலைவனே! நாஞ்சில் என்று சொன்னதும் கேட்பவர் மனத்தில் கலப்பை வந்து நிற்கும் என்று புலவருக்குத் தெரியும். அதனால்தான் 'உழாஅ' என்று ஓர் அடைமொழி போட்டு, நான் சொல்வது அந்த நாஞ்சில் இல்லை, மலை என்று தெளிவாக்குகிறார். இலக்கணத்தில் இதற்கு வெளிப்படை என்று பெயர். பாயா வேங்கை என்றால் புலி இல்லை, வேங்கை மரம். பறவாக் கொக்கு என்றால் பறவை இல்லை, மாமரம். அந்த வரிசையில் உழாத நாஞ்சில் என்றால் மலை. எனக்கு இந்த ஒரு வரியே போதும். 2000 ஆண்டுக்குப் பக்கத்தில் பழமையான பாட்டு, கலப்பை என்று எண்ணிவிடாதே என்று கையைப் பிடித்துச் சொல்கிறது. நாமோ அதையே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மற்றப் பாட்டுகளும் மலையைத்தான் காட்டுகின்றன. 137இல் ஒருசிறைப் பெரியனார் 'செவ்வரைப் படப்பை நாஞ்சிற் பொருந' என்கிறார். வரை என்றால் மலை. அந்தப் பாட்டில் ஒரு காட்சி. வேங்கைப் பூக்கள் பொன்போல உதிர்ந்து, மணிபோன்ற நீரில் மிதந்து, கடலுக்குப் போகின்றன. 'பொன் அன்ன வீ சுமந்து மணி அன்ன நீர் கடற் படரும்' என்பது அவர் வாக்கு. மலையில் உதிர்ந்த பூ வாடுவதற்குள் கடலுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், மலையும் கடலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். மலையில் பிறந்து மணக்குடியில் கடலில் விழுகிற பழையாற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே பாட்டு வயலையும் விட்டுவிடவில்லை. நீர் நிறைந்த பள்ளத்தில் போட்ட விதை வறட்சி வந்தாலும் சாகாது, கரும்புபோலத் தழைக்கும் என்கிறது. நாடு வளமானது, உழவு இருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. பெயர்க் காரணம் அதுவல்ல என்பதுதான் விஷயம்.

138இல் பாணன் ஒருவன் வருகிற வழி சொல்லப்படுகிறது. மாட்டுக்கூட்டம் நிறைந்த வழிகள், மானினம் நிறைந்த மலை, அதைப் பின்னால் விட்டுவிட்டு மீனினம் நிறைந்த துறைகள். பாண்டிநாட்டுப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிறவனுக்கு இந்த வரிசை சரியாகப் பொருந்துகிறது. அவன் அந்த வழியாகத்தான் வந்தான் என்று பாட்டில் இல்லை, இது என் ஊகம்.

140 ஔவையார் பாட்டு. அதைச் சொல்லாமல் நாஞ்சிலைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. விறலியர் தோட்டத்தில் கீரை பறித்து வைத்திருக்கிறார்கள். அதோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி வேண்டும் என்று ஔவையார் கேட்கிறார். நாஞ்சில் பொருநன் தன் தகுதியை எண்ணிப் பார்த்துவிட்டு, குன்றுபோல ஒரு யானையைக் கொடுத்துவிடுகிறான். 'மடவன் மன்ற', சுத்த விவரம் கெட்டவன், என்று புலவர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார் ஔவையார். கேட்டது அரிசி, கிடைத்தது யானை. கீரை என்ன ஆனது என்பது தெரியவில்லை. இந்தப் பாட்டில் அவனுக்கு வரும் அடைமொழி 'தடவுநிலைப் பலவின் நாஞ்சில்', அதாவது பெரிய பலா மரங்கள் நிற்கிற நாஞ்சில். நம்ம ஊர்ச் சக்கை மரத்துக்கு இதைவிடப் பழைய சான்றிதழ் வேண்டுமா? இங்கேயும் நெல்வயல் முன்னால் வரவில்லை, மலைச்சாரல் மரம்தான் வந்து நிற்கிறது.

380இல் கருவூர்க் கதப்பிள்ளை அவனைத் 'தென்னவர் வயமறவன்' என்கிறார். பாண்டியருக்கு வேண்டிய வீரன் என்று பொருள். பகைத்தவர்களுக்கு நினைக்கவும் எட்டாத தூரத்தில் இருப்பவன், நட்பு கொண்டவர்களுக்கு உள்ளங்கைபோலப் பக்கத்தில் இருப்பவன் என்றும் அதே பாட்டு சொல்கிறது.

இடையில் ஒன்று. இந்த வள்ளுவன் பெயரைப் பிடித்துக்கொண்டு, இவர்தான் திருவள்ளுவர் என்றும், ஆகவே திருவள்ளுவர் நம்ம மாவட்டத்துக்காரர் என்றும் சிலர் ஆர்வமாகச் சொல்வார்கள். கன்னியாகுமரிப் பாறையில் 2000 ஜனவரி 1ஆம் தேதி 133 அடிச் சிலை திறந்ததிலிருந்து அந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. இந்தப் 5 பாட்டிலும் அவன் குறள் பாடியதாக ஒரு சொல்கூட இல்லை. கொடுத்தான், கொடுத்தான் என்றுதான் இருக்கிறது.

சரி, அந்த மலைக்கு ஏன் கலப்பையின் பெயர்? வளைந்து மடிந்த நாஞ்சில் போலச் சிகரம் தோன்றியதால் இருக்கலாம் என்பது என் எண்ணம். மலைக்கு அதன் தோற்றத்தை வைத்துப் பெயரிடுவது எங்கும் நடப்பதுதான். 'நன்செய் நாடுதான் நாஞ்சில்நாடு ஆனது' என்ற விளக்கம் மட்டும் வேண்டாம். நன்செய் நஞ்சை ஆகும், அந்த நகரம் நீண்டு நா ஆவதற்கு வழியில்லை.

இனி, சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி.

சமஸ்கிருதத்தில் கலப்பைக்கு லாங்கலம் என்று ஒரு சொல் உண்டு. ரிக் வேதத்தின் 4ஆம் மண்டலத்தில், வயலின் தெய்வத்தைப் பாடும் சூக்தத்திலேயே வந்துவிடுகிறது. மராத்தியில் நாங்கர், வங்காளியில் லாங்கல். இந்தப் பக்கம் கன்னடத்தில் நேகிலு, தெலுங்கில் நாகலி. எல்லாம் ஒரே குடும்பத்துச் சாயல். லாங்கலம் வேதத்திலேயே இருக்கிறது, ஆகவே தமிழ் அங்கிருந்து வாங்கியது என்று ஒரு கட்சி. வேதத்துக்குப் போனதே நம் சொல்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கொஞ்சம் அவசரப்படுகின்றன.

தமிழ் வடசொல்லை நேராக வாங்கும்போது என்ன செய்யும் என்று பாருங்கள். ல என்ற எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது, தொல்காப்பியம் சொல்லும் மொழிமுதல் எழுத்துகளில் அது இல்லை. அதனால் முன்னால் ஓர் இகரம் போட்டுக்கொள்வோம். லங்கா இலங்கை ஆனது, லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான். அந்த வழியில் லாங்கலம் வந்திருந்தால் இலாங்கலம் என்றுதான் ஆகியிருக்கும். அப்படி வந்த சொல் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. செங்காந்தளுக்கு வடமொழியில் லாங்கலி என்று பெயர், அது தமிழில் இலாங்கலி. காரணம் அதன் கிழங்கு. இரண்டாகக் கவைத்து வளைந்து, பொம்மைக் கலப்பைபோல இருக்கும். தமிழிலேயே அதற்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர் உண்டு. கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். நம் மாநிலப் பூவின் கிழங்குதான், ஆனால் கடும் விஷம், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாஞ்சிலில் இகரமும் இல்லை, லகரத் தொடக்கமும் இல்லை. அதற்குப் பழைய வடிவம் ஒன்றும் உண்டு, ஞாஞ்சில். ஞகரம் நகரமாவது தமிழில் சகஜம், ஞண்டு நண்டு ஆனதுபோல. விளவங்கோட்டுப் பக்கம் ஞண்டு என்று சொல்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். மலையாளத்திலும் அதுதான். ஆக, திராவிட மொழிகளில் இந்தச் சொல் ஞ, ந என்ற தொடக்கத்தோடு தனி வழியில் வளர்ந்திருக்கிறது. லாங்கலத்திலிருந்து அப்படியே பெயர்த்து எடுத்ததாகத் தோன்றவில்லை.

அப்படியானால் சமஸ்கிருதம் தமிழிலிருந்து எடுத்ததா? அதுவும் அவ்வளவு லேசில் முடிகிற வழக்கு இல்லை. சந்தாலி மொழியில் கலப்பைக்கு நாஹேல் என்கிறார்கள். மலாய் மொழியில் தெங்காலா, கெமர் மொழியிலும் அங்கல் என்று ஒலிக்கும் இனச்சொல் உண்டு. இவற்றைப் பார்த்துவிட்டு மொழியியலாளர் பலர், இந்தச் சொல் சந்தாலியும் கெமரும் சேர்ந்த ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்திலிருந்து வடமொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். லாங்கலம் சமஸ்கிருதத்தின் சொந்தச் சொல் இல்லை என்பதில் பெரும்பாலோருக்கு உடன்பாடுதான். கலப்பை என்கிற கருவி ஒரு கூட்டத்திடமிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போகும்போது பெயரும் கூடவே போவது இயல்பு. டிராக்டர் வந்தபோது டிராக்டர் என்ற சொல்லும் சேர்ந்து வரவில்லையா? எனக்கும் இந்தக் கருத்துதான் பொருத்தமாகப் படுகிறது. எந்த வழியில் வந்திருந்தாலும், சங்கப் பாட்டில் மலைக்குப் பெயராகும் அளவுக்கு ஊறிப்போன சொல் அது. அதைத் தமிழ்ச் சொல் என்று சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நாஞ்சில் என்ற சொல் ஏட்டில் இவ்வளவு காலம் வாடாமல் இருந்ததற்குப் பலராமனும் ஒரு காரணம். கலப்பையை ஆயுதமாகப் பிடித்த தெய்வம். நக்கீரர் 'அடல்வெந் நாஞ்சில் பனைக்கொடியோன்' என்கிறார் (புறம் 56). பரிபாடலில் 'வளை நாஞ்சில்' வருகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையில் அவனுக்கு இருந்த கோயிலை 'மேழி வலன் உயர்த்த வெள்ளை நகரம்' என்கிறார் இளங்கோ. நிகண்டுகளில் நாஞ்சிலோன் என்று போட்டுவிட்டார்கள். பலராமன் வழிபாடு தமிழ்நாட்டில் மங்கிப்போன பிறகும் புலவர்களுக்கு எதுகை மோனைக்கு அவன் தேவைப்பட்டான், கூடவே அவன் கலப்பையும்.

கடைசிக் கேள்விக்கு வருவோம். மாவட்டம் முழுவதும் நாஞ்சில்நாடா?

இல்லை. வழக்கில் நாஞ்சில்நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்கள். பூதப்பாண்டி, நாகர்கோவில், சுசீந்திரம் எல்லாம் இதற்குள் வரும். மேற்கே கல்குளமும் விளவங்கோடும் இதில் சேராது. 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த 4 தாலுகாக்களும் திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்து ஒரே மாவட்டமாயின. அதன் பிறகு வெளியூர்க்காரர்கள் மொத்த மாவட்டத்துக்கும் நாஞ்சில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாஞ்சில் மனோகரன் மாதிரிப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட அரசியல்வாதிகளாலும், பஸ், லாட்ஜ், ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகைகளாலும் அது இன்னும் பரவிவிட்டது. விளவங்கோட்டுப் பக்கம் மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து 'நீங்கள் நாஞ்சில்நாட்டுக்காரர்தானே' என்று கேட்டுப் பாருங்கள். டீ வருவதற்குள் பதில் வந்துவிடும்.

எழுதும்போது நாஞ்சில்நாடு என்று சேர்த்தே எழுதுங்கள். பழைய திருவிதாங்கூர் ஆவணங்களில் நாஞ்சிநாடு என்று இருப்பதைப் பார்த்து அது வேறு ஊரோ என்று குழம்ப வேண்டாம். லகர ஒற்று பேச்சில் தேய்ந்துபோன வடிவம்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.